முடியாத நாளில் பூஜை

வெள்ளிக்கிழமை காலை. கோலம், குத்துவிளக்கு, நைவேத்தியம் என்று வேலை வரிசையாக நிற்கிறது. உங்கள் விரல்களோ மடங்கவே மறுக்கின்றன. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இந்தக் காலை நேர இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். கூடவே, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. 'கொஞ்சம் உட்காரலாமா?' என்று உடம்பு கேட்க, 'பூஜையில் சோம்பலா!' என்று மனசு அதட்டுகிறது. எது தர்மம்?

சாஸ்திரம் இதில் நம்மைவிடக் கருணையோடு இருக்கிறது. உபவாச நியமங்களில் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. குளிக்க முடியாதவர்கள் விபூதி பூசிக்கொள்வதையே 'ஆக்னேய ஸ்நானம்' என்று ஏற்றிருக்கிறார்கள். அசதியும் அந்த நோயின் ஒரு பகுதிதான் என்கிறது மருத்துவம்.

உண்மையில் ஆபத்து, உடம்பு நன்றாக இருக்கிற நாளில்தான். 'இன்றைக்கே எல்லாம் முடித்துவிடலாம்' என்று பித்தளைப் பாத்திரம் அத்தனையும் தேய்த்து, பரணையும் ஒழித்து... அடுத்த மூன்று நாள் படுக்கை! அதில் பக்தி எவ்வளவு, 'எல்லாம் நானே செய்தேன்' என்கிற பெருமை எவ்வளவு? கொஞ்சம் யோசியுங்கள், சகோதரிகளே.

வாத நோயால் வாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, குருவாயூரப்பன் சந்நிதியில் நாராயணீயம் பாடியது உங்களுக்குத் தெரியும். நோய் தீர்ந்ததைத்தான் எல்லோரும் சொல்வோம். பாடிய விதத்தைப் பாருங்கள்: நாளுக்கு ஒரு தசகம், அதாவது சுமார் 10 ஸ்லோகம், 100 நாளில் 100 தசகம் என்பது மரபு. அன்றன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

விளக்கு தேய்ப்பதைப் புதன், வியாழன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூத்தொடுப்பதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். மருந்தை மட்டும் விடாதீர்கள். கோல மாவை மகளிடமோ, மகனிடமோ கொடுங்கள். புள்ளி தப்பினால் தப்பட்டும்.