நடவாத வகுப்பும் தீராத கடனும்

எடையில் 50 கிராம் குறைந்தால் கடைக்காரரோடு வழக்காடுகிற நாம், கல்லூரியில் ஒரு பாடவேளை குறைந்தால் மகிழ்கிறோம். விலை கொடுத்தவரே தமக்கு வரவேண்டியது குறைந்ததற்காகக் களிக்கும் கொடுக்கல் வாங்கல் கல்வியைத் தவிர வேறு எங்கேனும் உண்டோ? ‘இன்று வகுப்பு இல்லை’ என்னும் செய்தி அடிக்கடி வந்து நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதனாலேயே அது நீதியைப் பற்றிய வினா என்பதை மறந்துவிட்டோம்.

இந்த இழப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கல்லூரிக்கு அருகில் குடியிருப்பவருக்கு ஒரு வகுப்பு நடவாவிடில் ஒரு மணி நேரம் போகும். மலையடிவாரத்து வ. புதுப்பட்டியிலிருந்து திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்தேறிச் செல்லும் மாணவிக்கு ஒரு நாளே போய்விடும். விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொடுத்த தாயின் உழைப்பும், வயலிலோ தோப்பிலோ ஒரு கை குறைந்ததைத் தாங்கிக்கொண்ட தந்தையின் பொறுமையும் அந்த நாளில் அடங்கியுள்ளன. வசதியுள்ளவர் தனிப்பயிற்சியால் குறையை நிரப்பிக்கொள்வார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவருக்கோ வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை. பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்ல 2021-இல் அரசு வகை செய்தது. 2022-இல் புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையோடு தொடங்கப்பெற்றன. இவையெல்லாம் பிள்ளைகளை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே பாடம் நடவாவிடில் வந்தும் பயன் என்ன?

வகுப்பு நடவாமைக்குக் காரணங்கள் பல. காலிப் பணியிடங்கள், தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், ஆய்வுக் குழு வருகை, கதவடைப்பு, மாணவர்களே கூடிப்பேசி வராதிருத்தல், மழை, நோய் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் சில குற்றமுள்ளவை. சில யாருடைய குற்றமுமல்ல. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது தமிழகக் கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடிய கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்க்கு அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாளும், மற்றவர்க்கு 2021 பிப்ரவரி 8-ஆம் நாளும்தான் திறந்தன. இதற்கு யாரைக் குற்றம் சாட்டுவது?

இங்கேதான் குற்றத்தையும் கடனையும் நாம் பிரித்தறிய வேண்டும். ஈடுசெய்தலைப் பற்றி எழுதிய புனித அக்குவினாஸ் தோமையார், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், அது குற்றமின்றி வந்திருப்பினும், உரியவரிடம் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று தெளிவுறுத்துகிறார். மழையால் நின்ற வகுப்புக்கு ஆசிரியர் குற்றவாளியல்லர். ஆனால் கட்டணமும் மாணவரின் இளமைக் காலமும் பெறப்பட்டிருக்கின்றன. அதற்குரிய பாடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. எனவே கடன் நிற்கிறது. 2020 ஆகஸ்டில், இறுதியாண்டினர் நீங்கலாக, நிலுவைத் தேர்வுகளுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தோர்க்குத் தேர்வெழுதுவதிலிருந்து விலக்களிப்பதாகத் தமிழக அரசு அறிவித்தபோது எழுந்த ஆரவாரத்தை நாம் கண்டோம். ஓர் ஆணையால் தேர்வை நீக்கலாம். அறியாமையை நீக்க இயலுமோ?

இக்கடன் கணக்கில் தெரியாமல் மறைவதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டுக்கு 180 கற்பித்தல் நாள்களைக் குறிப்பிடுகின்றன. மாணவரோ பொதுவாக 75 விழுக்காடு வருகை காட்ட வேண்டும். ஒரு பாடத்துக்கு 60 வகுப்புகள் என்று திட்டமிட்டு 40 மட்டுமே நடந்தன என்போம். அவற்றுள் 30-க்கு வந்த மாணவரின் வருகை 75 விழுக்காடு. ஏட்டில் குறையில்லை, அவர் பெற்றதோ பெறவேண்டியதில் பாதி! வராத மாணவரைப் பதிவேடு காட்டிக்கொடுக்கிறது. நடவாத வகுப்பை அது காட்டுவதில்லை.

‘எங்களுக்கே கவலையில்லை, உங்களுக்கென்ன?’ என மாணவர் கேட்கக்கூடும். தமக்குரிய கடனை ஒருவர் மனமுவந்து தள்ளுபடி செய்யலாம். ஆனால் இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கடனன்று. தாயின் விடியற்காலையும் தந்தையின் கூலியும் அதில் பங்குடையவை. நாளை அவரிடம் பாடம் கேட்கவிருக்கும் குழந்தைகளும், மருந்து வாங்கவிருக்கும் நோயாளிகளும் பங்குடையவர்கள். பலருக்குரிய கடனை ஒருவர் தள்ளுபடி செய்ய உரிமையில்லை.

ஆகவே கல்லூரிகள் நடவாத வகுப்பை முந்தின நாளே அறிவிக்கட்டும். தொலைவிலிருந்து வருவோர்க்கு அது பேருதவி. திட்டமிட்டவை எத்தனை, நடந்தவை எத்தனை என்று மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். ஆசிரியர் ஈடுவகுப்பைச் சலுகையாக எண்ணாமல் கடமையாக ஏற்கட்டும். மாணவர் இருவர் மூவராய் நூலகம் சென்று விடுபட்ட பாடத்தைப் படித்து, ஐயங்களை எழுதி வைத்து ஆசிரியரைப் பணிவோடு அணுகட்டும். பெற்றோராகிய நாம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், ‘இன்று எத்தனை வகுப்பு நடந்தது?’ என்று கேட்போம். பட்டம் பெற்றுப் பணியிலிருக்கும் நம் பங்கு இளைஞர்கள் ஞாயிறு மாலைகளில் தம்பி தங்கையர்க்குச் சொல்லிக்கொடுக்க முன்வரலாம்.

திராட்சைத் தோட்ட உவமையில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை அழைப்பார் இல்லை. மரத்தடியில் நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் பலரின் நிலையும் அதுவே. பொழுது சாயும் வேளையிலும் தோட்டக்காரர் அவர்களைத் தேடி வந்தார். நேரம் கடந்துவிட்டது என்பது அழைக்காமலிருக்க அவருக்குக் காரணமாகவில்லை, நமக்கும் ஆகலாகாது.