உடம்பைப் பேணுவது பற்றாகுமா?

பட்டினத்தார் பாடல்களில் உடம்பு நாளை எரியப்போகும் ஒன்று. அதன் மேல் வைக்கும் ஆசை அறியாமை. திருமூலரோ, முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்ததையும், அதற்குள்ளேயே இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் சொல்கிறார். இந்த இரண்டு குரல்களையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த சமூகத்தில், காலையில் பாய் விரித்துத் தண்டால் எடுக்கத் தொடங்குகிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. அழியப்போகும் ஒன்றுக்காக வாரந்தோறும் நேரம் ஒதுக்குவது பற்றா, கடமையா? அளவுக்குள் நிற்கும்வரை அது கடமைதான் என்பது என் வாதம். அந்த அளவு எவ்வளவு என்பதையும் இன்று ஏறக்குறையக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் மூச்சு வாங்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. இதயமும் நுரையீரலும் இதில் வலுப்பெறும். கூடவே, பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். முன்னதற்கு 150 நிமிடம், பின்னதற்கு அரை மணி வீதம் இரண்டு நாள் என்று வைத்தால் மொத்தம் மூன்றரை மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் இது நூற்றில் இரண்டு பங்கு. இதைப் பற்று என்பவர், குளிப்பதையும் சமைப்பதையும் பற்று என்றே சொல்லவேண்டியிருக்கும். ரோமானியச் சிந்தனையாளர் செனெகா கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளுக்கு முன் தம் 15ஆம் கடிதத்தில் அளவான பயிற்சி போதும் என்ற இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். உடம்பைப் பெருக்குவதிலேயே நாளைத் தொலைப்பவர்களை அதில் கேலி செய்கிறார். ஆனாலும் பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. ஓட்டம், எடை தூக்குதல், குதித்தல் என்று சீக்கிரம் களைப்பூட்டும் எளிய பயிற்சிகளை முடித்துக்கொண்டு மனத்தின் வேலைக்குத் திரும்பச் சொல்கிறார். அவருடைய பட்டியலிலும் மூச்சுக்கு ஒன்று, வலுவுக்கு ஒன்று என இரண்டும் இருக்கின்றன.

‘ஆயுள் எழுதிவைத்தபடி, தண்டால் எடுத்து அதை மாற்ற முடியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை தேட லண்டன் பேருந்துகள் உதவும். ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. அதே குழு 1956இல் சீருடைகளின் இடுப்பளவை ஆராய்ந்து, அந்த ஐயத்துக்கு ஆதாரம் இருப்பதையும் மறைக்காமல் வெளியிட்டது. ஆக, அந்த ஓர் ஆய்வு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆனால் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டின. கேட்கும் வேலைக்கேற்ப உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. கேட்காமல் விட்டால் தளர்கிறது. ஊழை நம்புபவரும் பசித்தால் சமைக்கிறார், காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிறார். உடற்பயிற்சிக்கு வரும்போது மட்டும் ஊழைத் துணைக்கு அழைப்பது தத்துவம் ஆகாது; சோம்பலுக்குத் தேடும் சாக்கு அது.

தவிர, ஆயுளைக் கூட்டுவதற்காக மட்டும் யாரும் பயிற்சி செய்யவேண்டியதில்லை. இருக்கும் நாளில் பிறர் கையை எதிர்பாராமல் தரையில் உட்கார்ந்து எழுவதும், மூச்சிரைக்காமல் படியேறுவதும் போதிய பயன்கள். நம் வழிபாடும் இந்த வலுவைக் கேட்கத்தான் செய்கிறது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் முழங்காலையும் தொடையையும் சோதிக்கும். தரையில் விழுந்து வணங்கியவர் எழுந்தாகவேண்டும். முடியாதவரின் பக்தி எவ்விதத்திலும் குறைந்ததன்று. முடிந்தும் பேணாமல் விட்டுவிடுவதைப் பற்றியதே இங்குள்ள பேச்சு.

இந்தப் பயிற்சிக்கு ஒரு கூடமும் ஒரு நாற்காலியும் போதும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் மொட்டை மாடியில் விரைந்து நடக்கலாம், படியேறலாம், இடம் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே காலை உயர்த்தி மிதிக்கலாம். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. இரண்டு நாள் வலுப்பயிற்சிக்கு. முதலில் சுவரில் கையூன்றித் தள்ளி, பழகியபின் கட்டில் விளிம்புக்கும் பிறகு தரைத் தண்டாலுக்கும் இறங்கலாம். அரிசி நிரப்பிய பையைக் குனிந்து இடுப்பை நோக்கி இழுக்கலாம். பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி) வராதவர் நாற்காலியைப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும்: கைகளை மார்பின் குறுக்கே கட்டி, மூன்று எண்ணியபடி மெல்ல இறங்கி, தொப்பென்று அமராமல், விளிம்பு பட்டதும் எழவேண்டும். எட்டாம் முறையில் தொடை நடுங்கும், மூச்சை அடக்கத் தோன்றும். அடக்காமல், எழும்போது வெளியே விடவேண்டும். பையை இழுப்பது பன்னிரண்டு முறை எளிதானபின் அதன் எடையைக் கூட்டலாம். தசை வலுப்பெறுவது அடுத்து வரும் ஓய்வில்தான் என்பதால், ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாளில் வேலை வைக்கக்கூடாது. நெஞ்சுவலியோ இதயநோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும். நடுங்கும் தொடையை வெறுக்காமல், அதைக் கண்டு பெருமைப்படவும் செய்யாமல், கவனித்தபடி எழுகிற அந்தச் சில நொடிகளில் இருப்பதும் ஒரு சாதனைதான். உண்பதிலும் உறங்குவதிலும் உலாவுவதிலும் அளவோடு இருப்பவருக்கே யோகம் கைகூடும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்வதோடு இது இசைந்தே நிற்கிறது.

ஊழைக் காட்டும் மறுப்பைவிடக் கனமான மறுப்புகள் இரண்டு உண்டு. முதலாவது, பயிற்சி கடைசியில் கண்ணாடி முன் கொண்டுபோய் நிறுத்தும் என்பது. அந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் தானம் செய்பவருக்கும் புகழாசை வரும். அதற்காகத் தானத்தையே யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. இரண்டாவது, இது வசதி படைத்தவரின் அறம் என்பது. நாள் முழுக்கச் செங்கல் சுமந்து திரும்புகிறவரிடம் ‘வலுப்பயிற்சி செய்தீர்களா?’ என்று கேட்பது கேலியாகிவிடும். அவர் உடம்புக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். வீட்டுவேலையும் உடலுழைப்புதான், வழிகாட்டுதலும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் நாள் முழுக்க அடுப்படியில் நின்றே களைத்துப்போகும் பெண்ணுக்குத் தசை படிப்படியாக வலுப்பெறும் வாய்ப்பு அதில் குறைவு. எனவே இந்தக் கடமை ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது தானே பயிற்சி செய்வது. சிலருக்கு, பாத்திரம் துலக்கும் வேலையை வாங்கிக்கொண்டு வீட்டில் இன்னொருவருக்கு அரை மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது. உடம்பைப் பேணுவது கடமை என்று ஏற்றவர், அந்தக் கடமையைச் செய்யப் பிறருக்கு நேரம் கிடைக்கிறதா என்றும் பார்த்தாகவேண்டும்.

பற்றையும் கடமையையும் பிரித்தறிய, பயிற்சி தவறிப்போன நாளைப் பார்த்தால் போதும். விருந்தினர் வந்தோ குழந்தைக்குக் காய்ச்சல் கண்டோ ஒருநாள் விட்டுப்போனதற்கு வீட்டார் மேல் எரிந்து விழுந்தால், அது பற்றாகிவிட்டது. விட்டுப்போனதையே சாக்காக்கி அடுத்த வாரத்தையும் விட்டுவிட்டால், அது அலட்சியம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து அலட்டிக்கொள்ளாமல் தொடர முடிந்தால், அவர் அழியும் உடம்பை அழியும் என்று தெரிந்தே பேணுகிறார். பட்டினத்தாருக்கும் திருமூலருக்கும் அவரிடம் சண்டை இல்லை.