பேழை என்றால் என்ன?



நமது விசாரணையைச் சேர்ந்த ஒருவர், வாரம் ஒரு நாவலாவது நூலகத்திலிருந்து எடுத்துவந்து இராத் தூக்கம் கெட்டுப் படித்து முடிக்கிறவர், சென்ற மாதம் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து முறையிட்டார். "சாமி, மகள் பிறந்து நாலு வருஷமாகிறது. உருப்படியாக ஒரு புத்தகம் படித்து முடித்தேனில்லை. தினமும் நோவேயின் கதைதான். ஒரு வரி விட்டுப் படித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்" என்றார்.

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. அதுவரை கண்ணால் ஓடிக்கொண்டிருந்தவர் அன்று முதல் வாயால் நடக்க வேண்டியிருக்கிறது. அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "நேற்று ராத்திரி, பேழை என்றால் என்ன அப்பா என்று கேட்டாள். பெட்டி என்றேன். பெட்டிக்கு எதற்கு ஜன்னல் என்கிறாள். சிறுவயது முதல் கேட்டுவருகிற வார்த்தை, சாமி, எனக்கே பதில் தெரியவில்லை."

பிள்ளையின் கேள்வி நியாயமானது. கப்பல் என்று சொல்லித் தப்பலாமென்றால், அதற்குச் சுக்கானும் பாயும் இருந்ததாக ஆதியாகமம் சொல்லவில்லை. குருமடத்தில் கற்ற ஒரு பாடம் அப்போது எனக்கு நினைவு வந்தது. பரீட்சை எழுதிய பிறகு அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நோவேயின் பேழைக்கு எபிரேய பாஷையில் 'தேபா' என்று பெயர். (உடன்படிக்கைப் பேழைக்கு வேறு சொல்.) எபிரேய வேதாகமத்தில் இந்தச் சொல் இரண்டே கதைகளில் வருகிறது. மற்றொன்று, ஆண் குழந்தைகளை நதியில் எறியும்படி பாரவோன் கட்டளையிட்ட காலத்தில், மோயீசனின் தாய் தன் 3 மாதக் குழந்தையை வைத்து நாணல்களுக்குள் விட்ட கூடை. தமிழில் ஒன்று பேழை, மற்றது நாணற்பெட்டி என்று பிரிந்துபோனதால் நம் காதில் விழுவதில்லை. தண்ணீர் புகாதபடி இரண்டுக்கும் கீல் பூசினார்கள். ஒன்று 300 முழ நீளம். மற்றது ஒரு தாய் கையில் தூக்கக்கூடியது.

அவரிடம் இதைச் சொல்லியனுப்பினேன். அர்ச். அகுஸ்தீனைப் பற்றியும் சொன்னேன். அவரும் ஒரு தகப்பன் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மனந்திரும்புமுன் அவருக்குப் பிறந்த மகனின் பெயர் அதெயோதாத்துஸ். சர்வேசுரனால் அளிக்கப்பட்டவன் என்று பொருள். 387-ம் வருஷம் பாஸ்குத் திருநாளில் இருவரும் மிலான் நகரில் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அகுஸ்தீன் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, விர்ஜிலின் காவியத்தில் தீதோ என்ற இராணி மாண்டதற்காக அழுதவர். வயது வந்தபின் அந்தக் கண்ணீருக்காகத் தம்மையே கடிந்துகொண்டார். ஆனால் 389-ம் வருஷத்தையொட்டி எழுதிய 'ஆசிரியர்' என்னும் நூலில், அதே காவியத்தின் ஒரே வரியை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மகனிடம் பொருள் கேட்கிறார். வரியில் 8 சொற்கள். இரண்டாவது சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். இல்லாத ஒன்றை அது எப்படிக் குறிக்கும் என்று பையன் திணறுகிறான். ஒன்றுமில்லாததில் மாட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று தகப்பன் வேடிக்கையாகச் சொல்லி நகர்கிறார். மூன்றாம் சொல்லோடு பாடம் நின்றுவிடுகிறது. எரிகிற துரோயா நகரில் ஒரு மகன் தன் தகப்பனைப் பார்த்துச் சொல்லும் வரி அது. அதெயோதாத்துஸ் இளவயதிலேயே இறந்துபோனான். அந்நூலில் அவன் பேசும் கருத்துக்கள் உண்மையாகவே அவனுடையவை என்று தகப்பன் பிற்பாடு எழுதிவைத்தார்.

அடுத்த ஞாயிறு அந்த மனிதர் மறுபடி வந்தார். அவருடைய மகள் 3 மாதக் குழந்தையாயிருந்தபோது கடுங்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவஸ்தை ஞானஸ்நானம் கொடுக்க என்னை இரவில் அழைத்துப்போனார்கள். "யாத்திராகமத்திலிருந்து கூடைக் கதையைப் படித்தேன், சாமி. மூன்று மாதம் என்ற இடத்தில் குரல் அடைத்துவிட்டது. எத்தனையோ தடவை கேட்ட கதை. அந்தத் தாயை நான் கவனித்ததேயில்லை" என்றார்.

மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டிக்கு ஜன்னல் உண்டா என்று கேட்டாள், சாமி."