ஆய்ந்தறிந்தோர் கடன்

கோலார் தங்கவயலுக்கு அணித்தே, பங்காருப்பேட்டை வட்டத்தில், பூதிகோட்டை என்றோர் ஊர் உண்டு. ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் அதனைக் குறிக்கும். பூதி என்பது சாம்பல். கன்னடத்தார்க்கும் தமிழர்க்கும் பொதுவான சொல். புலம்பெயர்ந்து வாழும் தமிழர் தம் சங்க மலர்களில் கோட்டைகளைப் பற்றியும் கொற்றவர்களைப் பற்றியும் எழுதுதல் மரபு. ஆயினும் நாம் இங்கு எழுத முற்படுவது அச்சாம்பற் கோட்டையின் பழம்பெருமை அன்று. ஓர் அறக்கேள்வியே நம்மை அவ்வூர்ப் பக்கம் திருப்பியது. ஒரு மக்கள் கூட்டத்தின் நோயையும் குடிப்பழக்கத்தையும் கல்லாமையையும் ஆராய்ந்து அறிந்தவர்கள், ஆராயப்பட்ட அம்மக்களுக்குப் பட்டிருக்கும் கடன் யாது என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தேடப் புகுந்தால், தங்கவயலில் தொடங்கிப் பூதிகோட்டையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தங்கவயலின் கதை நம்மவர் பலருக்குத் தம் குடும்பக் கதையே. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து, நிலமற்றவரும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவருமாகிய ஏழைத் தமிழர் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்று குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ள இளைஞரில் பல்லாயிரவர் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடிச் சென்று இரவில் திரும்பும் வாழ்வினர் ஆயினர்.

அப்பொன்னை வெட்டியெடுத்தவர்களுக்கு வந்த நோய் தூசியால் வந்தது. வெண்கற் பாறையைத் துளையிடும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் காற்றில் மிதக்கும். மூச்சின் வழியே நுரையீரலின் அடியறைகளை அடைந்த அத்துகள்களை உடம்பால் கரைக்க இயலாது. அவற்றைச் சுற்றித் தழும்பு படரும். தழும்பு படர்ந்த நுரையீரல் விரிந்து கொடாது. காசநோயும் அங்கு எளிதில் குடிபுகும். இதனை மருத்துவர் சிலிகோசிஸ் என்பர். 1930-ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்நோய் பற்றி உலக மாநாடு கூடியது. 1940-களில் தங்கவயலில் மருத்துவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்து, நூற்றுக்கு நாற்பதின்மேற்பட்டவர்க்கு இந்நோய் இருப்பதை எழுதி வைத்தனர். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பெரும் ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. துளையிடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி அடங்கும், நல்ல காற்றைச் செலுத்தினால் தீங்கு குறையும் என்பனவும் உலகம் அறிந்த செய்திகளே. ஆகவே அறிவுக்குப் பஞ்சம் இருந்தது என்று எவரும் சொல்லுதற்கில்லை. அந்த அறிவு யாரிடம் சென்று தங்கியது என்பதே கேட்கத்தக்கது.

இங்கே நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியவராகிறோம். நம் பெரியப்பா ஒருவர் முப்பதாண்டுக்கு மேல் அச்சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். வேலை முடிந்து கரையேறினால் நேரே சாராயக் கடைக்குச் செல்வார். இரவெல்லாம் இருமுவார். சாராயம் நெஞ்சுச் சளியை அறுக்கும் என்பது அவர் நம்பிக்கை. சம்பள நாளன்று பெரியம்மா கடை வாசலில் நின்று கையேந்திக் காசு வாங்கி வந்ததை நாம் கண்டிருக்கிறோம். அவர் மறைந்தபோது தெருவார் உரைத்த தீர்ப்பு, குடித்துக் கெட்டான் என்பதே. கல்லூரியில் அடியெடுத்து வைத்திருந்த நாமும் அத்தீர்ப்பையே வழிமொழிந்தோம். அவரால் குடும்பத்துக்கு நேர்ந்த தலைகுனிவை எண்ணி, அவ்வூர்ப் பெயரைச் சொல்லவும் சில காலம் கூசினோம்.

பின்னொரு நாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, மார்பின் ஊடுகதிர்ப் படம் ஒன்றும், அதனோடு மடித்து வைத்த ஆங்கிலத் தாள் ஒன்றும் கிடைத்தன. இரு நுரையீரலிலும் தூசியால் விளைந்த நிழல்கள் உள்ளன என்று அத்தாள் கூறியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நமக்குத் தெரியும். ஒரே கூரையின்கீழ் அத்தாளும் நாமும் பல்லாண்டு இருந்திருக்கிறோம். அவரிடம் ஒருநாளேனும், உங்களுக்கு என்ன செய்கிறது பெரியப்பா என்று கேட்டோமில்லை. கேட்டிருந்தால் தாளை எடுத்து நீட்டியிருப்பார்.

இதனால் குடி குற்றமன்று என்று நாம் வாதிடவில்லை. பெரியம்மாவின் ஏந்திய கை அவ்வாதத்தை ஒப்பாது. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாகவே வைத்துக் கடிந்துள்ளார். ஆயினும் அது 93-ஆம் அதிகாரம். இரண்டு அதிகாரம் தள்ளி 95-ஆவதாக மருந்து வருகிறது. நோயைத் தீர்க்கப் புகுவோன் அதன் மூலத்தையும் தேட வேண்டும் என்னும் கருத்து அங்கே உண்டு. நம்மவர் முன்னதை மேடைதோறும் முழக்கினர். பின்னதைக் குடிகாரன் வீட்டு வாசல் வரை கொண்டு செல்ல மறந்தனர். வெப்பத்திலும் இருளிலும் பாறை வெடிக்கும் அச்சத்திலும் எட்டு மணி நேரம் கழித்தவனுக்கு, கரையேறியதும் எதிர்ப்பட்ட ஆறுதல் சாராயக் கடையாக இருந்தது. அக்கடையால் அரசுக்கு வருவாயும் வந்தது. மலாயாவின் தோட்டங்களிலும் இதே கதைதான். தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தமிழ் இளைஞர் தொண்டர் படை அமைத்து அக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். விற்பவன், வரி கொள்பவன், வேலை வாங்குபவன் ஆகிய மூவரையும் விட்டு, குடித்தவனை மட்டும் நிறுத்தி வைத்து வழங்கும் தீர்ப்பு நீதியின்பாற்படாது.

இனி ஆய்வின் இயல்பை நோக்குவோம். தங்கவயலில் அளப்பவர்களுக்கு என்றுமே குறைவில்லை. 1930-இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிறுவனம் முற்பட்டது. தம்மைக் குற்றவாளிகளாக எண்ணி எடுக்கும் அளவை இது என்று கருதிய தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்து அதனைத் தடுத்தனர். 1965-இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் சப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் கருவிகளை வைத்து, வானின் கதிர்வீச்சால் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். உலகம் வியந்த கண்டுபிடிப்பு அது. நாமும் பெருமை கொள்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத துகள் வேறொன்று அதே சுரங்கத்தில் மனிதனின் மார்புக்குள் இருந்தது. நியூட்ரினோவின் செய்தி பன்னாட்டு ஏடுகளை அடைந்தது. மார்பில் இருந்த துகளின் செய்தி தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

ஆய்வே வேண்டா என்று இதனால் முடிவு செய்தல் தவறு. எண்ணிக் காட்டாத துன்பத்தை ஆள்வோர் எளிதில் இல்லையென்று சொல்லிவிடுவர். 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசி அவர்களின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அவர்கள் அதன் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். குடிக்குச் சென்ற காசு வீட்டுக்குத் திரும்பியதா என்னும் கேள்வியைப் பல்கலைக்கழகம் ஒன்று மதித்து எடுத்துக்கொண்டது அரிய செயலே. எனினும் அம்மதுவிலக்கு 1943-இல் நீக்கப்பட்டது. மேலிருந்து வந்த சட்டத்தை மேலிருந்தே எடுத்துக்கொண்டனர். ஆய்வும் அறிக்கையும் இருந்தும், அவை உழவன் மனைவியின் கைக்கு எட்டாத பொருளாகவே நின்றன.

ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது வேறு வகை. அறிவொளி இயக்கம் 1990-ஐ ஒட்டி அங்கே எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. பெண்கள் கூலி வேலை முடிந்து இரவில் வந்து படித்தனர். பாட நூலில், சாராயக் கடையை மூடச் செய்த பெண்களின் கதை ஒன்று இருந்தது. துபகுண்டா என்னும் சிற்றூர்ப் பெண்கள் அதனைப் படித்தனர். தம் வீட்டுக் கதையே அதில் இருப்பதாக உணர்ந்தனர். படித்ததோடு நில்லாமல் எழுந்து சென்று தம் ஊர்க் கடையை மூடச் செய்தனர். 1992-இல் அது மாநிலம் முழுவதும் பரவிய பெண்கள் போராட்டமாயிற்று. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-இல் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது என்பதையும் மறைத்தல் கூடாது. சட்டம் அங்கும் தேய்ந்தது. ஆனால் சேலத்தில் இல்லாத ஒன்று நெல்லூரில் இருந்தது. தன் துன்பத்தைத் தானே படித்து, பெயரிட்டு, எழுந்து பேசிய பெண் அங்கிருந்தாள். அவள் கற்ற எழுத்தை எந்த அரசாணையும் திரும்பப் பெறல் இயலாது.

இவ்விடத்தில்தான் பூதிகோட்டை நம் நினைவுக்கு வருகிறது. சுரங்கம் மூடப்பட்ட அதே காலத்தில், அதாவது 2000-களின் தொடக்கத்தில், மைராடா, வாய்சஸ் என்னும் தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் துணையோடு அவ்வூரில் ஓர் ஒலிபரப்பு நிலையம் அமைத்தன. நம்ம த்வனி என்பது அதன் பெயர். நம் குரல் என்பது பொருள். ஊரார் தாமே வானொலி நடத்த அந்நாளில் அரசு இசைவு தரவில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு அவ்வாயில் 2006-இல்தான் திறந்தது. ஆகவே வானலையை விட்டு, கம்பி இழுத்து ஒலியைக் கொண்டு சென்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தோரும் ஊர் இளைஞரும் ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளக் கற்று, உடல்நலம், வேளாண்மை, கல்வி, ஊராட்சி என்பன பற்றித் தம் பேச்சு மொழியிலேயே நிகழ்ச்சிகள் செய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எட்டியது.

அச்சிறு முயற்சியால் ஊரின் நோயெல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே திசை மாறியது என்பதே நம் கருத்து. ஆராய வந்தவர் கேள்வி கேட்க, ஊரார் விடை சொல்லி, விடைகள் எங்கோ சென்று மறைவதே வழக்கம். பூதிகோட்டையிலோ கேட்டவரும் ஊரார், சொன்னவரும் ஊரார், சொன்னதைத் திரும்பக் கேட்டவரும் ஊரார். பெரியம்மாவைப் போன்ற ஒருத்தி ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைக்கிறது, இது எதனால் என்று தன் மொழியில் கேட்டிருந்தால், தெருவின் தீர்ப்பு வேறாகியிருக்கும் அன்றோ?

மறுப்பு ஒன்று எழலாம். மருத்துவம் நுண்ணிய கலை. அதனைப் பாமரர்க்கு எவ்வாறு விளக்குவது, விளக்கினால் வீண் அச்சமன்றோ விளையும் என்பர் சிலர். நோயாளிக்கு அச்சம் முன்பே உண்டு. இருமும்போதெல்லாம் அவன் அஞ்சுகிறான். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை மட்டுமே அறியான். தூசியே காரணம் என்று அறிந்தவன் நீர் பாய்ச்சும் துளைக்கருவியைக் கேட்பான், இழப்பீட்டைக் கேட்பான், சாராயம் சளியை அறுக்காது என்பதையும் ஏற்பான். குடியும் இன்று நோய் என்றே உணரப்படுகிறது. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய மருத்துவ நிலையம், குடிநோயாளிக்கு மட்டுமன்றி அவன் மனைவிக்கும் நோயின் இயல்பைக் கற்பித்தலைச் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டது. விளக்கிச் சொல்லுதலும் மருத்துவத்தின் பாகமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனவே, நாம் தொடங்கிய கேள்விக்கு இவ்வாறு விடை கூறத் துணிகிறோம். ஒருவனுடைய உடம்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் எடுத்த அறிவு அவனுக்கு உரியது. அதனை அவன் மொழியில் அவனிடம் சேர்ப்பிக்கும்வரை ஆய்வு முற்றுப் பெறாது. இக்கடன் பல்கலைக்கழகத்தார்க்கு மட்டும் உரியதன்று. சுரங்கத்துக் கூலியில் படித்து, ஊர் கடந்து, நாடு கடந்து, ஆங்கிலமும் மருத்துவமும் பொறியியலும் கற்ற நமக்கும் உரியது. நம்மிற் பலர் இல்லங்களில் முதியோரின் மருத்துவத் தாள்கள் மடித்த வண்ணமே கிடக்கின்றன. நம் உறவினருள்ளும் குடியால் பெயர் கெட்டவர் ஒருவரேனும் இருப்பர். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அவரை நாம் அழைப்பதில்லை.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அறிவுரை பின்னர் ஆகட்டும். முதலில் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்போம். தாள் ஏதேனும் இருந்தால் வாங்கி, வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்வோம். நம் பெரியப்பாவுக்கு நாம் செய்யத் தவறியது அது.