பற்றாக்குறையின் பெயரால்

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2018இல் வெளியிட்ட 'ஃபிராஸ்ட்பங்க்' நகரம் கட்டும் கணினி விளையாட்டு. கதை நடப்பது 1886இல். உலகம் உறைந்துவிட்டது. நிலக்கரியில் இயங்கும் பெரும் வெப்ப இயந்திரம் ஒன்றைச் சுற்றி 80 பேர் குடியேறுகிறார்கள். அவர்களில் 15 பேர் குழந்தைகள். விளையாடுபவர்தான் நகரத்தின் தலைவர்.

மரமும் நிலக்கரியும் ஆட்களை அனுப்பினால் கிடைக்கும். 'ஸ்டீம் கோர்' அப்படியல்ல. நீராவி இயந்திரங்களின் இதயம் போன்ற அதை நகரத்தில் செய்ய முடியாது. சாரணர்களைப் பனிவெளிக்கு அனுப்பி, கைவிடப்பட்ட இடங்களில் தேடி எடுத்துவர வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அது வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு வேண்டும். இரவு பகல் பாராமல் உழைக்கும் 'ஆட்டோமேட்டன்' இயந்திரத்துக்கும் வேண்டும்.

இந்த விளையாட்டை நான் விரும்பி ஆடுகிறேன். ஆடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: அரியது என்று எதைச் சொல்கிறோம்?

கோர் பொருத்திய கட்டடத்தைக் கலைத்தால் கோர் திரும்பக் கைக்கு வரும். இறந்த மனிதர் வருவதில்லை. இந்த நகரத்தில் குழந்தையும் பிறப்பதில்லை. பனியில் தப்பிப் பிழைத்தவர்கள் வந்து சேர்ந்தால்தான் மக்கள்தொகை கூடும். அப்படியானால் இரண்டில் எது அரிது? ஆனாலும் நம் கண் முதலில் தேடுவது கோரின் எண்ணிக்கையைத்தான்.

கோர் கிடைக்கும்வரை சமாளிக்கச் சட்டங்கள் இருக்கின்றன. வேலை நேரத்தை 14 மணியாக நீட்டலாம். அவசரமென்றால் 24 மணி நேரமும் வேலை வாங்கலாம். குழந்தைகளை 'பாதுகாப்பான' வேலைகளுக்கு அனுப்பலாம். அடுத்த சட்டத்தில் எல்லா வேலைகளுக்கும். மக்களின் அதிருப்தியைக் குறைக்க மதுக்கூடம். அதற்கடுத்து 'இன்ப விடுதி'. அந்த விடுதிக்குள் போகப்போகிறவளின் சம்மதம் தலைவரின் மேசைக்கு வருவதேயில்லை.

அதே சட்டப் புத்தகத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்கிறது. அதே குளிர், அதே பற்றாக்குறை. ஆனால் வேறொரு கையெழுத்து. பற்றாக்குறை என்பது நிலைமை. அதன் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பது முடிவு. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது முடிவெடுத்த கை மறைந்துவிடுகிறது. "வேறு வழியில்லை" என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது.

பெண்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அரிசி குறைந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று எவரும் சட்டம் போடவில்லை. பணம் போதாத வீட்டில் யாருடைய படிப்பு முதலில் நிற்கிறது என்பதற்கும் கையெழுத்து கிடையாது. பானை காலி என்பது உண்மைதான். ஆனால் யார் தட்டு காலியாக இருக்க வேண்டும் என்று பானை சொல்வதில்லை.

ஊரே அழியும்போது அறம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சில இழப்புகள் தவிர்க்க முடியாதவை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் இழக்கப்போகிறவர் அல்லர். தானாக முன்வந்தால் அது தியாகம். பிறர் முன்னே தள்ளினால் பலி. பலியைத் தியாகம் என்று புகழ்ந்தே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

நகரம் பிழைத்த பிறகு, எல்லை மீறிய தலைவரிடம் விளையாட்டு கேட்கிறது: இதெல்லாம் தகுமா? நல்ல கேள்வி. ஆனால் அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சுரங்கத்துக்கு அனுப்பப்படும் குழந்தையிடமும், விடுதிக்கு அனுப்பப்படும் பெண்ணிடமும்.