காணாத இடத்து வேலையும் கண்காணிக்கும் கண்ணும்

நமது கோயில் குடும்பங்களில் மூத்தவர்கள் பலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தொழிற்சாலைகளில் அட்டை குத்தி வேலைக்குப் போனவர்கள். மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். பீங்கான் கழுவும்போதும் பெட்டி அடுக்கும்போதும் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று அதே வீடுகளில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் தாமே பத்துப் பேருக்கு முகாமையாளர்கள். முதுகுக்குப் பின்னால் நிற்க முடியாத முகாமையாளர்கள்!

கனடாவில் 2016 ஆம் ஆண்டில் தமது வேலையின் பெரும்பகுதியை வீட்டிலிருந்து செய்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் மட்டுமே. கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் இது 40 ஆக ஏறியது. 2023 நவம்பரில் 20 ஆக இறங்கியது. இறங்கிய பின்னும் ஐந்தில் ஒருவர் என்பது சிறிய தொகை அன்று. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒருவரை நம்பி வேலை வாங்குவது எப்படி, அவரைக் கண்காணிக்க நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி இனிப் பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. நமது வீட்டு மேசையிலேயே அது வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை நாம் வெளியில் நின்று எழுதவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளராக நாமும் சில ஆண்டுகள் இருந்தோம். 2020 இல் கந்தோர் பூட்டப்பட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனபோது, நமது கணினித் திரையின் ஓரத்தில் எட்டுப் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளியும் தோன்றின. ஆள் விசைப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சை. சில நிமிடங்கள் தொடாவிட்டால் மஞ்சள். காலையில் தேநீர் குடிக்கும் முன்னரே நாம் அந்தப் புள்ளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். அப்படிச் செய்யும்படி எவரும் நம்மிடம் சொல்லவில்லை. பார்க்க முடிந்தது, பார்த்தோம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். அவரை நாம் நேரில் கண்டதே இல்லை. பிற்பகலில் அவருடைய புள்ளி அடிக்கடி மஞ்சளாகும். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் எழுதிக் கேட்டோம். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டோம். அதன் பிறகு அவர் தேநீர் போட எழுந்தாலும் நமக்கு எழுதி அறிவிக்கத் தொடங்கினார். அது நமக்கு அப்போது ஒழுங்காகவே தெரிந்தது. ஏழு மாதத்தில் அவர் விலகிப் போனார். கடைசி நாள் தொலைபேசியில், "நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டீர்கள். என் வேலை எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தோம். கடதாசியில் அச்சடித்த கணக்கு ஒன்றைப் பேனாவால் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நமது இடக்கை சும்மா சும்மா விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. நமது புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாதே என்று! நமக்கு மேலும் ஒருவர் இருந்தார் அன்றோ.

ஆளைப் பார்த்தால் வேலை நடக்கும் என்ற எண்ணம் கணினியோடு வந்தது அல்ல. ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தம் வரைந்த வட்டச் சிறைச்சாலையைச் சிலர் அறிந்திருப்பீர்கள். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் இருப்பவர் எல்லோரையும் பார்க்கலாம். தாம் பார்க்கப்படுகிறோமா இல்லையா என்று அறைகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 1787 இல் கடிதங்களாக எழுதி 1791 இல் அவர் இதை அச்சில் வெளியிட்டார். ஆனால் இந்த யோசனையின் பிறப்பிடம் சிறை அல்ல, வேலைத்தலம். அன்றைய ருசியப் பேரரசில், இப்போது பெலாரசில் இருக்கும் கிரிச்செவ் என்ற ஊரில், தொழிலாளர்களை மேற்பார்வை செய்ய வழி தேடிய அவருடைய தம்பி சாமுவேலின் மூளையில்தான் அது முதலில் உதித்தது. பச்சைப் புள்ளிக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வம்சாவளி உண்டு என்று சொல்லலாம்.

கண்காணிப்பு தேவையே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதும் நேர்மை ஆகாது. 2023 இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தீர்ப்பாயத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு கணக்காளர், தமக்குச் சேரவேண்டிய சம்பளத்தைக் கேட்டு முறையிட்டார். நிறுவனமோ, கணினியில் பொருத்தியிருந்த நேரக்கணிப்பு மென்பொருளைக் காட்டி, 50 மணித்தியாலத்துக்கு மேல் செய்யாத வேலையைச் செய்ததாக அவர் எழுதியிருக்கிறார் என்று எதிர்முறையீடு செய்தது. கடதாசியில் அச்சடித்து வேலை செய்தேன் என்று அவர் சொன்னதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கட்டும்படி உத்தரவிட்டது. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவது களவு என்பதை வீட்டுச் சுவர்கள் மாற்றிவிடா.

ஆனால் எதைக் கணக்கிடுகிறோமோ அதைத்தானே மனிதர் கொடுப்பார்கள்? 2024 இல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் பாவனை காட்டிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் செய்தது பிழைதான். ஆயினும் விரல் அசைவை உழைப்பின் அளவுகோலாக வைத்தவர் யார் என்று கேட்காமல் அந்தச் செய்தியைக் கடந்துபோக நம்மால் முடியவில்லை. நமது இடக்கையும் நினைவுக்கு வந்தது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 11 நாடுகளில் 20,000 பேரிடம் கேட்டு 2022 செப்டெம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாம் நன்றாக வேலை செய்வதாகச் சொன்ன ஊழியர்கள் நூற்றுக்கு 87. ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று முழு நம்பிக்கை கொண்ட தலைவர்கள் நூற்றுக்கு 12 மட்டுமே. (புள்ளிகளைக் காட்டும் மென்பொருளை விற்பதும் இதே நிறுவனம்தான் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்க.) இரு பக்கமும் உண்மை சொல்லியிருந்தால், அங்கே குறைந்துபோனது உழைப்பு அல்ல.

எண்களைத் தேடுவோருக்கு சீனாவில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். ஸ்ரான்போர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவரது குழுவினரும் ஒரு பயண முகவர் நிறுவனத்தின் தொலைபேசி நிலையத்தில் நடத்திய சோதனை 2015 இல் வெளிவந்தது. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலை 13 வீதம் கூடியது. ஆனால் அதே அளவு திறமையைக் காட்டியும், கந்தோரில் இருந்தவர்களைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை தாங்காமல் கந்தோருக்குத் திரும்பக் கேட்டவர்களும் பலர். அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனை 2024 இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் வேலை செய்தவர்களின் வேலைத்தரம் குறையவில்லை. விலகிப் போவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவற்றில் நம்மை உறுத்துவது அந்தப் பதவி உயர்வுச் செய்திதான். காணாதவரைச் சந்தேகிப்பது ஒரு பிழை என்றால், காணாதவரை மறந்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை. சந்தேகத்தையாவது அவர் அறிந்து பதில் சொல்லலாம்.

இங்கே ஒன்ராறியோவில் ஒரு சட்டம் உண்டு. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், ஊழியர்களை மின்னணு முறையில் கண்காணிக்கின்றனவா, எப்படி, எந்தச் சந்தர்ப்பத்தில், எதற்காக என்பதை எழுத்தில் வைக்கவேண்டும். முதல் தவணை 2022 ஒக்டோபர் 11. நல்லதுதான். ஆனால் கண்காணிக்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கண்காணி என்கிறது. சட்டத்தின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. நமது பிள்ளைகளைப் போன்ற முகாமையாளர்களின் மனச்சாட்சிக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

திருக்குறளின் 51 ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளைச் சோதித்துத் தேர்வது முதலில், வேலையை அவர் கையில் ஒப்படைப்பது அடுத்து என்ற வரிசையைக் கவனியுங்கள். இன்று பல இடங்களில் அரை மணித்தியால நேர்முகத்தில் ஆளை எடுத்துவிட்டு, பிறகு ஆயுள் முழுவதும் சோதிக்கிறோம். அந்தப் பெண்ணை எடுத்தபோது நாமும் அப்படித்தான் செய்தோம்.

தூரம் தலைவர்களுக்கும் ஒரு மறைவிடம் கொடுக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர் டொட் கொம் நிறுவனத் தலைவர் ஒரே சூம் அழைப்பில் ஏறக்குறைய 900 பேரை வேலையிலிருந்து நீக்கினார். 2022 மார்ச் 17 அன்று பிரித்தானியாவின் பி அன்ட் ஓ பெரிஸ் கப்பல் நிறுவனம் ஏறக்குறைய 800 கடற்தொழிலாளர்களுக்கு, முன்கூட்டியே பதிவு செய்த காணொளி ஒன்றின் மூலம் வேலை போன செய்தியைச் சொன்னது. பதிவு செய்த காணொளியை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியுமா? ஊழியரின் விரலசைவைக்கூடப் பார்க்கவேண்டும் என்று நினைக்கும் தலைமை, அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டிய ஒரே நாளில் திரைக்குப் பின்னால் போய்விட்டது.

அந்தப் பெண் போன பிறகு நாம் புள்ளிகளை மறைத்து வைத்தோம். திங்கட்கிழமைகளில் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசினோம். இந்த வாரம் எதை முடிப்பீர்கள், எங்கே சிக்கல், நம்மால் என்ன உதவி என்பதே பேச்சு. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஏழு பேர் நன்றாகச் செய்தார்கள். ஒருவர் செய்யவில்லை. மூன்று மாதம் சாக்குச் சொன்னார். இன்னொரு இடத்திலும் அதே நேரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. நமது நம்பிக்கைக்கு அது விழுந்த அடிதான். புள்ளிகளைப் பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம் என்று நமக்கு மேலே இருந்தவர் சொன்னார். இருக்கலாம்.

அவரை நீக்கும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடும்படி நம்மிடம் சொல்லப்பட்டது. நாம் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட்டி, அவருடைய ஊர்க் கோப்பிக் கடை ஒன்றில் அவரைச் சந்தித்தோம். இரண்டு வருடம் குரலாக மட்டும் இருந்தவர். நாம் நினைத்ததைவிட வயது கூடியவராக இருந்தார். கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு, "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டார்.

ஆம் என்றோம். கோப்பி ஆறும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.