கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள்

தீராத நோய் புகுந்த வீட்டில், "எதுவானாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. கூப்பிடத்தான் அவர்களுக்குத் தெம்பு இருக்காது.

ஐயம்பேட்டை போன்ற நெசவூரில் தறி நின்றால் கூலியும் நிற்கும். கோர்வைச் சேலையில் கரைக்கு நாடா எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நோயாளியின் பக்கத்தில் இருக்கும்போது, அரை நாள் தறியருகே உட்கார்ந்து கொடுப்பது பெரிய உதவி. "திங்கள்கிழமை காரப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அண்ணனை நான் கூட்டிப்போறேன். நீங்க கொஞ்சம் தூங்குங்க அண்ணி" என்று நாளையும் வேலையையும் நீங்களே சொல்லுங்கள்.

1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வலி தணிப்புச் சிகிச்சை வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அதற்கு ஏற்பாடு செய்வதும் நட்பின் வேலைதான்.

நோயாளி இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியத்தோடு போய்வருவதை நிறுத்திவிடாதீர்கள். உறவுக்கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் துணை அதிகம் தேவை.